எந்தக் காதொலிக் கருவி எங்கே உதவும்?

கைத்தொலைபேசிக் கடையின் சுவர் ஒன்றில் ஐம்பது, அறுபது வகைக் காதொலிக் கருவிகள் வரிசையாகத் தொங்குகின்றன. இயர்போன், ஹெட்போன், இயர்பட்ஸ் என்று பெட்டிகளின்மேல் வெவ்வேறு பெயர்கள். வாங்க வரும் மாணவர்களில் பெரும்பாலோர் மூன்றைத்தான் பார்க்கிறார்கள்: விலை, நிறம், நண்பர்கள் வைத்திருக்கும் வகை. விற்பனையாளரைக் கேட்டால், “இதுல பேஸ் நல்லாக் கேக்கும்,” என்பார். அதில் தவறில்லை. ஆனால், முதலில் கேட்க வேண்டிய கேள்வியை இருவருமே கேட்பதில்லை. இந்தக் கருவியை எந்த இடத்தில் அணியப்போகிறோம்? ரயிலிலா, படிப்பு மேசையிலா, ஓடும் பாதையிலா? சுற்றுப்புறத்தில் எவ்வளவு இரைச்சல் இருக்கிறதோ, அதற்கேற்பத்தான் நாம் ஒலியைக் கூட்டுகிறோம். எவ்வளவு கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே காதின் நலம் அமைகிறது.

ஒருவர் மட்டும் கேட்கும் ஒலி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நெதேனியல் பால்ட்வின் என்பவர் 1910ஆம் ஆண்டு வாக்கில் தம் வீட்டுச் சமையலறையிலேயே காதொலிக் கருவிகளைச் செய்தார். அவற்றை முதலில் விரும்பி வாங்கியது அமெரிக்கக் கடற்படை. வானொலியில் வரும் மெல்லிய சமிக்ஞைகளைக் கேட்க அவை உதவின. இசை கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஒலியுடன் கூடிய கருவியை ஜான் காஸ் 1958இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை காதொலிக் கருவி என்பது வேலைக்கான ஒரு சாதனமாகவே பெரிதும் கருதப்பட்டது.

1979ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜப்பானில் சோனி நிறுவனத்தின் வாக்மேன் வெளிவந்தது. சட்டைப்பையைவிடச் சற்றே பெரிய அந்த ஒலிநாடாக் கருவியில் காதொலிக் கருவி செருக இரண்டு துளைகள் இருந்தன. அருகில் ஒருவர் இருக்கும்போது தான் மட்டும் தனியாகப் பாட்டுக் கேட்பது நாகரிகமாகாது என்று சோனியின் தலைவர் அகியோ மொரிட்டா எண்ணியதே அதற்குக் காரணம். ஆரஞ்சு நிறப் பொத்தான் ஒன்றும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டின் ஒலி குறையும். கேட்டுக்கொண்டிருக்கும் இருவரும் பேசிக்கொள்ளலாம். மக்களோ தனியாகக் கேட்பதையே விரும்பினார்கள். பின்னர் வந்த வகைகளில் இரண்டாவது துளையும் அந்தப் பொத்தானும் மறைந்துவிட்டன. ஒரே சாப்பாட்டு மேசையில் நால்வர் நான்கு பாடல்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் இன்றைய நிலையை மொரிட்டா அன்றே ஓரளவு ஊகித்திருந்தார் போலும்!

2016இல் வெளிவந்த ஐபோன் 7இல் கம்பி செருகும் துளையே இல்லை. அதன்பின் வந்த பல கைத்தொலைபேசிகளிலும் அந்தத் துளை காணாமல் போனது. கம்பியில்லாக் கருவிகள் பெருகின.

ரயிலில் ஒலி ஏன் கூடுகிறது?

பள்ளிவிட்டு எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். மேடையில் நிற்கும்போது பாடல் தெளிவாகக் கேட்கிறது. ரயில் சுரங்கப்பாதைக்குள் புகுந்து வேகமெடுத்ததும் சக்கரங்களின் இரைச்சல் பாடலை மூடிவிடுகிறது. அவள் ஒலியை இரண்டு படி கூட்டுகிறாள். அடுத்து, பக்கத்தில் இருப்பவர்கள் உரக்கப் பேசுகிறார்கள். இன்னும் ஒரு படி. வீட்டுக்கு வந்து, இரவில் அமைதியான அறையில் அதே கருவியை மாட்டிப் பாடலை ஓடவிட்டதும் திடுக்கிட்டுக் கழற்றுகிறாள். ஒலியளவு ரயிலில் விட்ட இடத்திலேயே இருக்கிறது. மாலையில் அது அவளுக்கு அதிகமாகத் தோன்றவில்லை. காதுக்குள் போன ஒலி மட்டும் அப்போதும் அதே அளவுதான்.

அவள் அணிந்திருந்தது காதுமடலின் குழிவில் சும்மா உட்காரும் வகை. அது காதுத் துளையை அடைப்பதில்லை. வீட்டிலோ நூலகத்திலோ அது வசதியானது. காது புழுங்காது, யாராவது கூப்பிட்டாலும் கேட்கும். ரயிலுக்கு அது ஏற்றதன்று. வெளி இரைச்சலைத் தடுக்க முடியாத கருவி, அந்த இரைச்சலோடு போட்டி போட்டுத்தான் ஒலிக்க வேண்டும்.

மென்மையான சிலிக்கன் முனையுடன் காதுத் துளைக்குள் நுழையும் வகை இதற்கு மாறானது. துளையை அடைத்துவிடுவதால் வெளியொலி குறைந்தே உள்ளே வரும். பாடலைத் தாழ்வாக வைத்தாலே போதும். ஆனால், முனை சரியாகப் பொருந்தினால்தான் இந்தப் பயன் கிட்டும். பெட்டிக்குள் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவு முனைகள் இருக்கும். வாங்குவோரில் பலர் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடுத்தர முனையோடு நின்றுவிடுகிறார்கள். மற்ற இரண்டும் பெட்டியிலேயே கிடக்கும். முனை தளர்வாக இருந்தால் மேளம், மிருதங்கம் போன்றவற்றின் தாழ்ந்த ஒலிகள் வெளியே கசிந்துவிடும். பாடல் உயிரில்லாமல் கேட்கும். ‘கருவி மட்டம்’ என்று நினைத்து ஒலியைக் கூட்டுவார்கள்.

பொருத்தத்தைச் சோதிப்பது எளிது. பாடல் எதுவும் ஓடாதபோது கருவியை அணிந்துகொண்டு இரண்டு வார்த்தை பேசிப் பார்க்க வேண்டும். சொந்தக் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் துளை நன்றாக அடைபட்டிருக்கிறது. தாடையை அசைத்தாலோ கொட்டாவி விட்டாலோ கருவி கழன்று விழுந்தால் அளவை மாற்ற வேண்டும். வலக்காதுக்கு ஒன்றும் இடக்காதுக்கு வேறொன்றும் தேவைப்படலாம். இரண்டு காதுகளும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லையே!

இதைவிட ஒரு படி மேலே செல்வது, இரைச்சல் நீக்கும் வசதி. ஒலி என்பது காற்றின் அழுத்தம் கூடிக் குறைவதால் உண்டாகும் அலை. அந்த அலைக்கு நேர்மாறான இன்னோர் அலையை உண்டாக்கி இரண்டையும் சேர்த்தால், ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தை நிரப்பிவிடும், ஒலி அடங்கிவிடும். இந்தக் கருத்துக்கு ஜெர்மானியரான பால் லூக் 1936இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதைக் காதொலிக் கருவியில் கொண்டுவர எண்ணியவர்களுள் அமர் போஸ் குறிப்பிடத்தக்கவர். வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்று குடியேறியவரின் மகனான இவர், 1978இல் ஸூரிக் நகரிலிருந்து விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். விமானத்தில் கொடுத்த காதொலிக் கருவியில் இயந்திர இரைச்சலால் இசையைக் கேட்க முடியவில்லை. பயணம் முடிவதற்குள் அதற்கான கணக்கைத் தாளில் போடத் தொடங்கிவிட்டார். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான கருவியை 1989இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இன்று அதே நுட்பம் விரல்நுனி அளவுள்ள கருவிக்குள் அடங்கிவிட்டது. வெளியொலியைக் கேட்கச் சிறு ஒலிவாங்கிகள், எதிரலையைக் கணக்கிட ஒரு சில்லு. ரயிலின் உறுமல், குளிர்சாதனத்தின் முனகல் போன்ற ஒரே சீரான, தாழ்ந்த ஒலிகளை அது நன்றாக அடக்கும். குழந்தையின் அழுகை, திடீர்ச் சிரிப்பு, பக்கத்து இருக்கை உரையாடல் ஆகியவற்றை அந்த அளவுக்கு அடக்காது. நாள்தோறும் ரயிலில் நெடுநேரம் பயணம் செய்பவருக்கு இந்த வசதிக்காகக் கொஞ்சம் கூடுதல் பணம் செலவிடுவது வீணன்று. ஆனால், இரைச்சலை அடக்கியபிறகும் பழைய ஒலியளவிலேயே கேட்பவர் அந்தப் பணத்தை வீணாக்குகிறார்.

சாலையில் நிலைமை தலைகீழ்

ரயிலில் பாராட்டிய அதே குணம் சாலையில் ஆபத்தாகிறது. பூங்கா இணைப்புப் பாதையில் மெதுவோட்டம் ஓடுபவருக்குப் பின்னால் வரும் மிதிவண்டியின் மணியோசை கேட்க வேண்டும். சாலையைக் கடப்பவருக்கு வாகனத்தின் ஓசை கேட்க வேண்டும். மெதுவாக வரும் மின்சார வாகனங்கள் எழுப்பும் ஓசையே குறைவு. இங்கே காதை அடைக்காத கருவிதான் தேவை.

எலும்புவழி ஒலிக்கும் கருவி இதற்கு ஏற்றது. அது காதுக்கு முன்னால், கன்ன எலும்பின்மேல் பதிந்திருக்கும். அதன் அதிர்வுகள் எலும்பின் வழியாக உட்செவியை அடைகின்றன; காதுத் துளை திறந்தே இருக்கும். இந்த வழி நமக்குப் புதிதன்று. நாம் பேசும்போது நம் குரலைக் காற்றின் வழியாக மட்டுமல்லாமல் எலும்பின் வழியாகவும் கேட்கிறோம். வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி செய்து, பதிவுசெய்த குரலைக் கேட்கும்போது “இது என் குரலா?” என்று பலர் முகம் சுளிப்பது இதனால்தான். பதிவில் எலும்புவழி வரும் பங்கு இல்லை.

எலும்புவழிக் கருவி காதைக் கெடுக்காது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அது சரியன்று. காற்றின் வழியே வந்தாலும் எலும்பின் வழியே வந்தாலும் ஒலி போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். சாலையில் பாதுகாப்புத் தரும் இந்தக் கருவியை ரயிலில் அணிந்தால், இரைச்சலைத் தடுக்க எதுவுமே இல்லாததால் ஒலியை மிகவும் கூட்ட வேண்டியிருக்கும். நல்ல கருவி, கெட்ட கருவி என்ற பிரிவு இங்கே உதவாது. இடம் மாறினால் அதே கருவியின் மதிப்பும் மாறுகிறது.

சிலர் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். மற்றக் காது திறந்திருப்பது நல்லதே. ஆனால், இரண்டு காதுகளால் கேட்கும்போது ஒலி சற்றுக் கூடுதலாகத் தோன்றும்; ஒரு காதால் கேட்பவர் அந்தக் குறையை ஈடுகட்ட ஒலியைக் கூட்டிவிடுவது இயல்பு. அதைக் கவனிக்க வேண்டும்.

படிப்பு மேசையில்

சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் தேதி மாணவர்கள் அனைவரும் வீட்டிலிருந்தே கற்கத் தொடங்கினர். ஒரே கூடத்தில் அண்ணனுக்குக் கணிதம், தங்கைக்குத் தமிழ், அப்பாவுக்கு அலுவலகக் கூட்டம். காதொலிக் கருவி இல்லாமல் அந்த நாள்களைக் கடத்தியிருக்க முடியாது. இன்றும் இணையவழிப் பாடம், கேட்டல் பயிற்சி, வாய்மொழிப் பயிற்சி ஆகியவற்றுக்கு அது வேண்டும்.

இந்தப் பயன்பாட்டுக்குப் பலர் பழையது என்று ஒதுக்கும் கம்பியுள்ள கருவியே சிறந்தது. அதற்கு மின்னேற்றம் தேவையில்லை, பாடத்தின் நடுவே அணைந்துபோகாது, விலையும் குறைவு. புளூடூத் கருவிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாடல் கேட்கும்போது இனிமையாக ஒலிக்கும் பல கருவிகள், இணையவகுப்பில் ஒலிவாங்கி இயங்கத் தொடங்கியதும் பழைய தொலைபேசிபோல் ஒலிக்கும். பேசுவதையும் கேட்பதையும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டியிருப்பதால் ஒலியின் தரம் குறைக்கப்படுகிறது. கருவி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. மின்விசைப்பலகை வாசிப்பவரும் கணினி விளையாட்டு ஆடுபவரும் இன்னொன்றையும் உணர்வார்கள்: புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். கம்பியில் அந்தத் தாமதம் தெரியாது. ஆனால், கம்பியுள்ள கருவியை வாங்குமுன் தம் கைத்தொலைபேசியிலும் மடிக்கணினியிலும் அதைச் செருகும் துளை இருக்கிறதா, எந்த வடிவில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கடையிலிருந்து வீட்டுக்கு வந்தபின் பார்ப்பவர்களே அதிகம்.

நெடுநேரம் படிப்பவர்கள் காதைச் சுற்றி முழுவதும் மூடும் பெரிய ஹெட்போனை விரும்புவர். காதுமடலை அது அழுத்தாது. காதின்மேலேயே பதியும் சிறிய வகை, ஒரு மணி நேரத்தில் மடலை வலிக்கச் செய்துவிடும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடு அணிந்து பார்த்தே வாங்க வேண்டும். கண்ணாடியின் காம்பு மெத்தைக்கும் தலைக்கும் இடையில் சந்து உண்டாக்கும், பொட்டிலும் அழுத்தும். நம் நாட்டு வெப்பத்தில் குளிர்சாதனம் இல்லாத அறையில் பெரிய ஹெட்போன் அணிந்தால் காதைச் சுற்றி வியர்க்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பின்புறம் திறந்த வகையில் காற்றோட்டம் உண்டு. இசையும் விரிந்து ஒலிக்கும். ஆனால், உள்ளே கேட்பது வெளியேயும் கேட்கும். தங்கை தூங்கும் அறையில் அதைப் பயன்படுத்த முடியாது.

பட்டமா, கட்டமா?

நத்தை ஓடுபோல் சுருண்ட உட்செவியில் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. ஒலியின் அதிர்வை மூளைக்குப் புரியும் சமிக்ஞையாக மாற்றுபவை அவையே. மிகுந்த ஒலியால் அவை சிதைந்தால் மீண்டும் வளர்வதில்லை. கோழி போன்ற பறவைகளுக்கு வளர்கின்றன. மனிதர்களுக்கு அந்த வரம் இல்லை.

இந்தச் சேதம் வலியோடு வருவதில்லை. பொதுவாக, உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளைக் கேட்கும் திறனே முதலில் குறைகிறது. பேச்சில் உயிரொலிகள் வலுவானவை. அவை எளிதில் கேட்கும். க, ச, த, ப போன்ற மெய்யொலிகள் மெல்லியவை; அவற்றின் அடையாளம் பெரும்பாலும் உயர்ந்த சுருதியில்தான் இருக்கிறது. ஆகவே, செவித்திறன் குறையத் தொடங்கியவருக்குப் பேச்சுக் கேட்கும், சொல் புரியாது. ஆசிரியர் சொன்னது பட்டமா, கட்டமா, சட்டமா என்று குழம்புவார். கூட்டம் நிறைந்த உணவங்காடியில் “என்ன? என்ன?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கருவியைக் கழற்றியபின் காதுக்குள் ‘கொய்ங்’ என்ற ஓசை நீடிப்பது ஓர் எச்சரிக்கை. அது அடிக்கடி வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

12 முதல் 35 வயதுக்கு உட்பட்டோரில் 100 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பாதுகாப்பற்ற முறையில் ஒலியைக் கேட்பதால் செவித்திறனை இழக்கும் ஆபத்தில் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது தரும் அளவுகோல் இது: 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். சிறுவர்களுக்கு அதே நேரத்திற்கு 75 டெசிபெல்தான். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83 டெசிபெல் என்றால் 20 மணி நேரம். 86 என்றால் 10 மணி நேரம். 90 டெசிபெல்லில் வாரத்திற்கு ஏறத்தாழ 4 மணி நேரமே. 100 டெசிபெல்லுக்கு வந்தால் வாரம் முழுவதற்கும் சேர்த்து 20 நிமிடம்.

சிறுவர்களுக்கான சில கருவிகளின் பெட்டியில் ‘85 டெசிபெல்லைத் தாண்டாது’ என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்த பெற்றோர் நிம்மதியடைகிறார்கள். மேலே உள்ள கணக்குப்படி, பெரியவர்களுக்கே 85 டெசிபெல் ஒலி வாரத்திற்குப் பன்னிரண்டரை மணி நேரம்தான். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் கேட்பவர் ஐந்தாம் நாளிலேயே அந்த எல்லையைக் கடந்துவிடுவார். கருவி எவ்வளவு ஒலிக்கிறது என்பதைப் பல கைத்தொலைபேசிகளே காட்டுகின்றன. உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் வசதியும் அவற்றின் அமைப்புகளில் இருக்கிறது. அது இல்லாத கருவியில் உச்ச அளவின் 60 விழுக்காட்டைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும்முன்னும் வாங்கியபின்னும்

விலை உயர்ந்த கருவியில் இசை நயமாக ஒலிக்கலாம். காதுக்கு அது தானாகவே பாதுகாப்பாகிவிடாது. கம்பியில்லாச் சிறு கருவிகளின் மின்கலம் சில ஆண்டுகளில் வலுவிழக்கும். பெரும்பாலானவற்றில் அதை மட்டும் எளிதில் மாற்ற முடியாது. கருவியையே மாற்ற நேரிடும். கம்பியுள்ளவை பெரும்பாலும் செருகியின் கழுத்தருகே அறுகின்றன. கம்பியைத் தனியே கழற்றி மாற்றக்கூடிய வகை கிடைத்தால் நல்லது. விளையாடும்போது அணிபவர்கள் பெட்டியில் ‘ஐபிஎக்ஸ்4’ அல்லது அதற்கு மேற்பட்ட குறியீடு உள்ளதா என்று பார்க்கலாம். அது நீர்த்துளிகள் தெறிப்பதைத் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. நீச்சலுக்கு அது போதாது. ஈரமான காதில் துளையை அடைக்கும் கருவியை உடனே மாட்டினால் காதில் தொற்று ஏற்பட வாய்ப்புண்டு. நண்பர்கள் ஆளுக்கொரு காதில் பகிர்ந்துகொள்வது அன்பின் அடையாளம்தான். சிலிக்கன் முனையையாவது துடைத்துக் கொடுக்கலாம்.

புதிய கருவியை வாங்கிய அன்று இரவு, அமைதியான அறையில் நன்கு தெரிந்த ஒரு பாடலை ஓடவிட்டு, சொற்கள் தெளிவாகக் கேட்கும் அளவில் ஒலியை நிறுத்தி, அது எத்தனையாவது படி என்று குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் பள்ளிக்குச் செல்லும் ரயிலிலோ பேருந்திலோ அதே பாடலை அதே படியில் தொடங்கிப் பார்க்க வேண்டும். சொற்கள் கேட்க ஒரு படி கூட்டினால் போதும் என்றால் கருவி அந்தப் பயணத்துக்குப் பொருந்துகிறது. நான்கைந்து படி கூட்ட வேண்டியிருந்தால், பெட்டியில் கிடக்கும் மற்ற இரண்டு அளவு முனைகளையும் மாட்டிப் பார்க்கலாம். அதற்கும் சரிவராவிட்டால் அந்தக் கருவியை வீட்டு மேசைக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.